“அப்பா மாதிரி திட்டுறேன்” என்கிற மேனேஜரைச் சமாளிக்க… அக்கா தரும் டிப்ஸ்

ஆயுத பூஜையன்று பொரியும் ஸ்வீட் பாக்ஸும் கொடுக்கும்போது முதலாளி சொல்வார், “நாமெல்லாம் ஒரே குடும்பம்.” அடுத்த வாரம் பேங்க் ஸ்டேட்மென்ட் டேலி ஆகவில்லை என்றதும் ஹாலே கேட்கும்படி மேனேஜர் கத்துவார், “உனக்கெல்லாம் எவண்டி டிகிரி கொடுத்தான்?” சாயங்காலம் அவரே சீட்டுக்கு வந்து, “மனசுல வச்சுக்காதம்மா, அப்பா மாதிரி உரிமையில திட்டுனேன்” என்பார். கோயம்புத்தூர்ப் பக்கம் சின்னதும் பெரிதுமாகப் பல கம்பெனிகளின் அக்கவுண்ட்ஸ் செக்‌ஷனில் காலம் தள்ளியவள் நான். இந்த மூன்று வசனமும் காதில் விழாத இடம் அபூர்வம்.

தங்கச்சி, இதில் உன்னை அதிகம் கட்டிப்போடுவது அந்த மூன்றாவது வசனம்தான். அப்பா என்று வந்துவிட்டால் எதிர்த்துப் பேசக்கூடாது, வெளியே சொல்லக்கூடாது, எழுதி வைக்கக்கூடாது, விட்டுவிட்டுப் போகவும் கூடாது. ஆபீஸில் இந்த நாலையும் செய்யலாம். அப்பாயின்ட்மென்ட் ஆர்டர், சம்பளம், வேலை நேரம், நோட்டீஸ் பீரியட் என்று எல்லாமே எழுத்தில் இருக்கிற இடம் அது. அதனால் கீழே நான் சொல்வது எல்லாவற்றுக்கும் அடிப்படை ஒன்றுதான்: ஆபீஸை ஆபீஸாகவே வைத்துக்கொள். மேனேஜரைத் திருத்துகிற வேலைக்கு யாரும் உனக்குச் சம்பளம் தரவில்லை. அவர் மனசில் இடம்பிடிக்கிற வேலைக்கும்தான்.

எது திட்டு, எது கொடுமை?

கறாரானவர்கள் எல்லாரும் கொடுமைக்காரர்கள் கிடையாது. எனக்கு வேலை கற்றுக்கொடுத்த சீனியர் அம்மா ஒருவர், வவுச்சரில் நரேஷன் எழுதாமல் கொண்டுபோனால் கையிலேயே வாங்கமாட்டார். வாயும் கொஞ்சம் நீளம். ஆனால் அவரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டு வெளியே வரும்போது எந்த வவுச்சர், எந்தத் தேதி, என்ன விட்டுப்போனது என்று பளிச்சென்று தெரிந்திருக்கும். இன்னொரு வகை இருக்கிறது. அரை மணி நேரம் திட்டு வாங்கிவிட்டு வெளியே வந்தால் உன் மூளை, உன் ஊர், உன் இங்கிலீஷ், உன்னை வளர்த்த லட்சணம் எல்லாம் அலசப்பட்டிருக்கும். எந்த பில்லில் தப்பு என்பது மட்டும் கடைசிவரை தெரியாது.

“அவருக்குக் கோபத்தைக் கட்டுப்படுத்த வராது, பாவம், சுகர் வேற” என்று பக்கத்து சீட்டில் சமாதானம் சொல்வார்கள். ஒருநாள் கவனித்துப் பார். கத்திக்கொண்டிருக்கும்போதே செல்லில் எம்.டி. பெயர் வரும். மனிதர் அதே விநாடி எழுந்து நின்று, “சொல்லுங்க சார்… இல்லைங்க சார், ஃப்ரீயாத்தான் இருக்கேன்” என்று குழைவார். போனை வைத்ததும், விட்ட இடத்திலிருந்து தொடங்குவார். ஆள் பார்த்து அடங்குகிற கோபத்துக்கு சுகர் மேல் பழி போட முடியாது.

சத்தமே இல்லாமல் செய்கிறவர்களும் உண்டு. உன் குட்மார்னிங்குக்கு மட்டும் பதில் வராது. செக்‌ஷன் வாட்ஸ்அப் குரூப்பிலிருந்து உன்னை எடுத்துவிட்டு, “மெசேஜ் பார்க்கிறதில்லையா?” என்று கேட்பார்கள். பஸ் பிடிக்க ஹேண்ட்பேக்கைத் தோளில் மாட்டும் நேரம் பார்த்து மேஜையில் ஒரு ஃபைல் வந்து விழும். லீவு கேட்டால், “மாசாமாசம் உனக்கு ஏதாவது ஒண்ணு வந்துடுமே” என்று நாலு ஆண்களுக்கு நடுவில் சிரிப்பு. “உங்கப்பா நம்பர் என்கிட்ட இருக்கு, கூப்பிடட்டுமா?” என்று மிரட்டல். ஓட்டுப் போடுகிற வயது தாண்டி எத்தனையோ வருஷம் ஆன பெண்ணை அப்பாவிடம் சொல்லிவிடுவேன் என்று மிரட்டுகிற விநோதத்தை நம் ஊர் ஆபீஸில்தான் பார்க்கலாம். இந்த வகைதான் ஆளை உள்ளுக்குள் அதிகம் அரிக்கும். வெளியே சொன்னால், “இதெல்லாம் ஒரு விஷயமா?” என்று கேட்டுவிடுவார்கள்.

உனக்குத்தான் தோல் மெல்லிசு என்று யார் சொன்னாலும் நம்பாதே. உலகத் தொழிலாளர் அமைப்பு 2022-ல் வெளியிட்ட ஆய்வில், வேலை பார்ப்பவர்களில் 17.9 சதவீதம் பேர் பணியிடத்தில் மனரீதியான வன்முறையை அனுபவித்திருப்பதாகச் சொன்னார்கள். அடி உதையைவிட, பாலியல் தொல்லையைவிட, இதைச் சொன்னவர்கள்தான் அதிகம்.

கத்தும்போது என்ன செய்வது?

தங்கச்சிகள் என்னிடம் அதிகம் கேட்பது இதைத்தான். முதலில் கையைக் கவனி. ஃபைலையோ நோட்டையோ இரண்டு கையாலும் பிடித்துக்கொள், நடுக்கம் அடங்கும். பயத்தில் வருகிற அந்த அசட்டுச் சிரிப்பை விட்டுவிடு. “திட்டினா பல்லைக் காட்டுறா பாரு” என்று அதற்கும் சேர்த்து விழும். விளக்கம் சொல்லவும் ஆரம்பிக்காதே. பாதியில் வெட்டுவார்கள், நீ சொன்ன பாதியே அடுத்த கத்தலுக்குத் தீனியாகிவிடும். பேச்சை பில்லுக்கு இழுத்துக்கொண்டு வா. “எந்த பில்லுங்க சார்?” அவர் உன் குடும்பத்துக்குப் போனாலும் நீ பில்லிலேயே நில். “எந்த பில்லுன்னு சொல்லுங்க சார், இப்பவே பார்த்துடறேன்.” தப்பு உன்னுடையது என்றால் ஒரே ஒரு சாரி. அதைப் பதினைந்து தரம் சொல்லாதே.

அந்த நேரத்தில் நாக்கு ஒட்டிக்கொள்ளும் என்பதால் சில வாக்கியங்களை வீட்டில் கண்ணாடி முன்னால் வாய்விட்டுச் சொல்லிப் பழகு. மனசுக்குள் சொல்லிப் பார்ப்பது போதாது.

“தப்பு இருந்தா சொல்லுங்க சார், திருத்திக்கிறேன். ‘டி’ போட்டுப் பேசாதீங்க.”

“வேலையைப் பத்திப் பேசுங்க சார். எங்க அம்மாவை இதுல இழுக்காதீங்க.”

“இப்ப நீங்க கோபமா இருக்கீங்க. பத்து நிமிஷம் கழிச்சு வர்றேன் சார்.”

மூன்றாவதைச் சொன்னால் உண்மையாகவே நகர்ந்துவிடு, உண்மையாகவே பத்து நிமிஷத்தில் திரும்பி வா. வராமல் போனால், “வேலையைப் போட்டுட்டு ஓடிட்டா” என்று கதை கட்டுவார்கள். குரலை உயர்த்தாதே, கெஞ்சவும் செய்யாதே. பஸ்ஸில் கண்டக்டரிடம் சில்லறை கேட்கிற தொனி போதும்.

எல்லா இடத்திலும் இதைச் சொல்லிப் பார் என்று நான் சொல்லமாட்டேன். கை ஓங்குகிற ஆள் என்றால், எல்லாரும் கிளம்பியபின் நீ மட்டும் இருக்கிறாய் என்றால், கேபின் கதவைச் சாத்தச் சொன்னால், அங்கே வாக்கியமெல்லாம் வேண்டாம். பையை எடுத்துக்கொண்டு வெளியே வா. மற்றதை நாளைக்குப் பார்க்கலாம்.

ஒரு ஆபீஸில் நான் கண்ணால் பார்த்தது. மாதம் 19-ஆம் தேதி, சாயங்காலம். மறுநாள் ஜி.எஸ்.டி. 3பி போடக் கடைசி நாள். சப்ளையர் ஒருவர் தன் ரிட்டர்னைப் போடாததால் இன்புட் கிரெடிட் 2பி என்கிற ஜி.எஸ்.டி. பட்டியலோடு ஒத்துவரவில்லை. அந்தப் பெண் மேல் ஒரு தப்பும் இல்லை. மேனேஜர் பர்ச்சேஸ் ஃபைலைத் தூக்கி எறிந்தார். கிளிப் கழன்று பில் எல்லாம் ஃபேன் காற்றில் ஹால் முழுக்கப் பறந்தது. அவள் குனிந்து பொறுக்க ஆரம்பித்தாள், அவர் அவள் தலைக்கு மேல் நின்றபடி கத்திக்கொண்டே இருந்தார். டீ தட்டோடு வந்த அட்டெண்டர் அண்ணன் தட்டைக் கீழே வைத்துவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் அவளோடு குனிந்தார்.

அந்த நேரத்தில் நீ குனியாதே, கண்ணு. அவர் கத்தி முடித்துப் போகட்டும். பிறகு இன்னொருவரைத் துணைக்கு வைத்துக்கொண்டு பொறுக்கி, பர்ச்சேஸ் ரிஜிஸ்டரோடு ஒத்துப்பார். எது குறைகிறது என்று பார்த்து அன்றைக்கே அவருக்கு மெயில் போடு. “இன்று மாலை பர்ச்சேஸ் ஃபைல் வீசப்பட்டபோது பில்கள் கலைந்துவிட்டன. கீழ்க்கண்ட இரண்டு பில்கள் மட்டும் கிடைக்கவில்லை. சப்ளையரிடம் நகல் கேட்டிருக்கிறேன்.” அவ்வளவே. நாளைக்கு பில் தொலைந்த பழி உன் தலையில் விழாது. ஃபைல் பறந்த விஷயமும் கம்பெனி மெயிலிலேயே ஏறிவிட்டது.

அழுகை வந்தால்? வரட்டும். முகம் கழுவிவிட்டு வந்து, கேட்க வேண்டியதைக் கேள். அழுதவள் பேசியது செல்லாது என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை.

எழுதி வை

நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கு. அது வீட்டில் இருக்கட்டும், ஆபீஸ் டிராயரில் வேண்டாம். ஒவ்வொரு சம்பவத்துக்கும் தேதி, நேரம், இடம், யார் யார் இருந்தார்கள், எந்த வேலையை ஒட்டி வந்தது, அவர் சொன்ன வார்த்தை. வார்த்தையை அப்படியே எழுத வேண்டும். “தகாத வார்த்தையில் திட்டினார்” என்று நாகரிகமாக எழுதி வைத்தால் ஆறு மாதம் கழித்து அது எதற்கும் உதவாது. எழுதக் கை கூசும். கூசினாலும் எழுது. அன்றிரவே எழுது. இதில் எதிர்பாராத பயன் ஒன்றும் உண்டு. ஒரு மாதம் கழித்துப் புரட்டினால், அவர் எப்போது பாய்கிறார் என்று தெரிந்துபோகும். மாதக் கடைசியிலா, எம்.டி. வந்து போன மறுநாளா, நீ லீவு கேட்ட பிறகா? தெரிந்துவிட்டால் அந்த நாட்களில் தனியாக அவர் கேபினுக்குப் போகாமல் பார்த்துக்கொள்ளலாம்.

வாயால் சொன்ன வேலையை எல்லாம் எழுத்துக்குக் கொண்டு வா. “சார், காலையில நீங்க சொன்னபடி பழைய பாக்கியை இந்த மாசக் கணக்குல எடுக்கலை” என்று ஒரு மெசேஜ். நாளைக்கு “நான் எங்கே சொன்னேன்?” என்று மாற்றுகிற ஆட்களுக்கு இதைவிட நல்ல மருந்து கிடையாது.

வாட்ஸ்அப்பில் கண்டபடி எழுதினால், அவர் அழிப்பதற்குள் ஸ்கிரீன்ஷாட் எடு. தேதியும் நம்பரும் தெரியும்படி எடு. நீ ‘சிடுமூஞ்சி’ என்று சேவ் செய்து வைத்திருந்தால் ஸ்கிரீன்ஷாட்டில் அதுதான் வரும், ஜாக்கிரதை! ஆடியோ இருந்தால் வெட்டாதே, ஒட்டாதே, குரூப்பில் அனுப்பாதே. பதிவான செல்லும் பத்திரமாக இருக்க வேண்டும். மின்னணுப் பதிவுகளைக் கோர்ட்டில் காட்ட, பாரதிய சாக்‌ஷிய அதிநியம் சட்டத்தின் 63-ஆம் பிரிவுப்படி சான்றிதழ் கேட்பார்கள். ஆபீஸுக்குள் ரிக்கார்ட் செய்யக்கூடாது என்று கம்பெனி விதி இருக்கலாம், ஆர்டரை ஒருமுறை படித்துவிடு. கம்பெனிக் கணக்குகளை உன் சொந்த மெயிலுக்கு அனுப்புவது மட்டும் கூடவே கூடாது. அவர்கள் உன் மேல் திருப்பிவிடுகிற முதல் குற்றச்சாட்டு அதுவாகத்தான் இருக்கும். கோபத்தில் ஃபேஸ்புக்கில் பெயரோடு போட்டுவிடாதே. அவதூறு என்று நோட்டீஸ் வரும், பேச்சு உன் கையை விட்டுப் போய்விடும்.

வீட்டில் சொல்வதா?

மேனேஜரைச் சமாளிப்பதைவிட இதுதான் கஷ்டம் என்று பலர் சொல்வார்கள். எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. வீட்டில் சொன்னால் இரண்டில் ஒன்று நடக்கும். “எல்லா ஆபீஸும் அப்படித்தான், அனுசரிச்சுப் போ” என்பார்கள். இல்லாவிட்டால், “நாளையிலேர்ந்து நீ போக வேண்டாம்” என்பார்கள். வேலைக்குப் போவதற்கே வீட்டில் போராடி அனுமதி வாங்கிய பெண்களுக்கு இந்த இரண்டாவது பதில் மேனேஜரைவிடப் பயம். அதனால் வாயே திறக்காமல், பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டு அழுகிறார்கள். மேனேஜர் “அப்பாவைக் கூப்பிடவா?” என்று கேட்பது ஏன் பலிக்கிறது என்று இப்போது புரிகிறதா? நீ வீட்டில் சொல்லியிருக்கமாட்டாய் என்று அவருக்குத் தெரியும். நீயே முதலில் சொல்லிவிட்டால் அந்த மிரட்டல் அன்றோடு செத்தது.

எப்படிச் சொல்வது? அழுதுகொண்டே நுழைந்த அன்று சொல்லாதே. அவர்கள் பதறி ஏதாவது முடிவு எடுத்துவிடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை சாப்பாடு முடிந்து, வீடு அமைதியாக இருக்கும்போது ஆரம்பி. “அப்பா, ஆபீஸ்ல ஒருத்தர் தப்பாப் பேசறார். வேலையை விடறேன்னு சொல்லலை. நானே பார்த்துக்குவேன். ஆனா யாராவது போன் பண்ணினா நீங்க பயப்படாம என்கிட்ட கேளுங்க.” உனக்கு என்ன வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட்டால் அவர்கள் யோசனை சொல்ல அவசரப்படமாட்டார்கள். அப்பாவிடம் முடியாது என்றால் சித்தி, மாமா, கல்யாணமான அக்கா, யாராவது ஒருவர். ஒருவருக்காவது தெரிந்திருக்க வேண்டும். மாமியார் வீட்டில் இருக்கிறவர்கள் கணவரிடம் சொல்லும்போதும் இதே முறைதான். “நான் வந்து அவனை ஒரு கை பார்க்கிறேன்” என்று கிளம்புகிற கணவர் என்றால், வண்டிச் சாவியை ஒளித்து வைத்துவிட்டுச் சொல்லு.

புகார் கொடுக்கிறாயா?

சின்ன கம்பெனியில் எச்.ஆர். என்று தனியாக யாரும் இருக்கமாட்டார்கள். முதலாளியிடம்தான் போக வேண்டும். இருக்கிற இடத்திலும் எச்.ஆர். கம்பெனியின் ஆள், உன் தோழி கிடையாது. அதனால் மனக்குறையைக் கொட்டாமல் ஒரு பக்கத்தில் எழுதிக் கொடு. நோட்டிலிருந்து மூன்று சம்பவங்கள், தேதியோடு, வார்த்தையோடு. அதனால் வேலை எப்படிக் கெட்டது என்று ஒரு வரி, முதலாளிக்கு உறைப்பது அதுதான். கடைசியில், என்ன கேட்கிறாய்: வேறு செக்‌ஷனா, ஒருமையில் பேசக்கூடாது என்ற எச்சரிக்கையா, நேரடியாக வேறொருவரிடம் ரிப்போர்ட் செய்வதா? “நியாயம் வேண்டும்” என்று மட்டும் எழுதினால் அதற்கு யாரும் ஒன்றும் செய்யமாட்டார்கள். நகலில் கையெழுத்து வாங்கு, தராவிட்டால் மெயிலில் அனுப்பு.

சட்டத்தில் எது கிடைக்கும், எது கிடைக்காது என்று தெரிந்துகொள். பணியிடத்தில் கத்துவதற்கும் அவமானப்படுத்துவதற்கும் என்று தனிச் சட்டம் நம் நாட்டில் கிடையாது. இதற்காகவே 2019-ல் உலகத் தொழிலாளர் அமைப்பு 190-ஆம் ஒப்பந்தத்தைக் கொண்டுவந்தது. இந்தியா அதை இன்னும் முறைப்படி ஏற்கவில்லை. ஆனால் பேச்சு உன் உடம்பு, உடை, இரட்டை அர்த்தம், “தனியா வந்து பாரு” என்று போனால், 2013-ஆம் ஆண்டின் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டத்துக்குள் வந்துவிடும். அதோடு சேர்ந்து வருகிற வேலை மிரட்டலும் அவமானப்படுத்தலும்கூட அதில் அடக்கம். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் இடத்தில் பெண் தலைமையில் உள் புகார் குழு இருந்தே ஆகவேண்டும், அதில் வெளியாள் ஒருவரும் வேண்டும். பத்துப் பேருக்குக் கீழே என்றாலும், முதலாளி மேலேயே புகார் என்றாலும், மாவட்ட அளவிலான குழுவிடம் போகலாம். மாவட்ட சமூக நல அலுவலகத்தில் கேட்டால் வழி சொல்வார்கள். கடைசிச் சம்பவத்திலிருந்து மூன்று மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். தகுந்த காரணம் இருந்தால் இன்னும் மூன்று மாதம் கூட்டித் தரலாம். தேதி எழுதி வைக்கச் சொன்னது இதற்கும்தான்.

சாதியைச் சொல்லித் திட்டினால் அது வேறு விஷயம். பட்டியல் சாதி, பழங்குடியினரைப் பலர் அறிய அப்படி இழிவுபடுத்துவது 1989-ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் குற்றம். எஃப்.ஐ.ஆர். போட முன்விசாரணை தேவையில்லை என்று 2018 திருத்தம் சொல்கிறது. உதவி எண் 14566. எந்தப் பெண்ணுக்கும் அவசரம் என்றால் 181.

ஜவுளிக்கடை ஃப்ளோரில் நிற்கிற தங்கச்சிகளுக்கு ஒரு வார்த்தை. “உட்கார்ந்தா பேரு கட்” என்று சூப்பர்வைசர் மிரட்டினால் இதைச் சொல்லுங்கள்: தமிழ்நாட்டில் 2021-ல் கடைகள் நிறுவனங்கள் சட்டத்தையே திருத்தி, ஊழியர்களுக்கு உட்கார வசதி தரவேண்டும் என்று எழுதியிருக்கிறார்கள். தையல் லைனில் இருப்பவர்கள் திண்டுக்கல் ஒப்பந்தத்தைப் பற்றிக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். 2021 ஜனவரியில் அந்த மாவட்டத்து ஆலைத் தொழிலாளியான இளம்பெண் ஒருத்தி கொலையானாள். அதற்குப் பிறகு, பெண்கள் முன்னின்று நடத்தும் தொழிற்சங்கம் அந்த ஆலையின் கம்பெனியோடும் வெளிநாட்டு பிராண்டுகளோடும் 2022-ல் போட்ட ஒப்பந்தம் அது. லைனில் வேலை செய்கிற பெண்களுக்கே பயிற்சி கொடுத்து, தொல்லைகளைக் கவனித்துச் சொல்கிறவர்களாக வைத்தார்கள். எச்.ஆர். ரூம் கதவைத் தட்டுவதைவிட, பக்கத்து மெஷின் அக்காவிடம் சொல்வது எளிது. சங்கம் இருந்தால் சேர். “சங்கம்னா வம்பு” என்று சொல்லுகிறவர் யார் என்று பார்த்தாலே பாதி புரிந்துவிடும்.

உடம்பு முதலில் சொல்லும்

ஞாயிறு சாயங்காலமே வயிறு கலங்குகிறதா, செல் அடித்தால் திடுக்கிடுகிறதா, சம்பந்தமே இல்லாமல் வீட்டில் குழந்தை மேல் எரிந்து விழுகிறாயா? கேஸ் டிரபிள் என்று மாத்திரை போட்டுத் தள்ளாதே. டாக்டரிடம் போகும்போது ஆபீஸ் விஷயத்தையும் சேர்த்துச் சொல், மருந்துச் சீட்டில் எழுதட்டும். 14416 என்ற டெலிமானஸ் எண்ணில் இரவு பகல் எந்த நேரமும் கட்டணமில்லாமல் தமிழிலேயே பேசலாம். செத்துப்போனால் தேவலை என்று ஒருமுறை தோன்றியிருந்தாலும் தள்ளிப்போடாதே. அன்றைக்கே ஒருவரிடம் வாய்விட்டுச் சொல், தனியாக இருக்காதே. சென்னை சிநேகா அமைப்பின் எண் 044-24640050. எந்த வேலையும் அந்த விலைக்குப் பெறாது. வேண்டாம் என்றால் மறுநாளே நின்றுவிடு, நோட்டீஸ் பீரியட் கணக்கெல்லாம் அப்புறம்.

பக்கத்து சீட்டில் நடந்தால்

இன்றைக்கு உனக்கு, நாளைக்கு உன் பக்கத்து சீட்டுப் பெண்ணுக்கு. அப்போது தலையைக் குனிந்து கீபோர்டைத் தட்டிக்கொண்டு இருக்காதே. மேனேஜரோடு சண்டை போடவும் தேவையில்லை. ஒரு பேப்பரை எடுத்துக்கொண்டு போய் அவள் பக்கத்தில் நில். “சார், அந்த பில் காப்பி என்கிட்ட இருக்குங்க.” கத்துகிற ஆளுக்குத் தாளம் தப்பிவிடும். முடிந்ததும் அவளிடம், “நீயும் கொஞ்சம் பொறுமையா இருந்திருக்கலாம்” என்று ஆரம்பிக்காதே. “நான் பார்த்தேன், என்ன சொன்னார்னு எழுதி வச்சிருக்கேன்” என்று சொல். அன்றைக்கு ஃபைலோடு குனிந்த பெண்ணுக்கு அந்த அட்டெண்டர் அண்ணன் செய்தது, செக்‌ஷனில் படித்த நாங்கள் யாரும் செய்யாதது.

கிளம்ப வேண்டி வந்தால்

புகார் கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் வெளியேறும் வழியை இன்றைக்கே ஒழுங்கு பண்ணி வை. பி.எஃப். யு.ஏ.என். உன் சொந்த செல் நம்பரில் இருக்கிறதா என்று பார். பழைய பே-ஸ்லிப், ஆர்டர் காப்பி எல்லாம் வீட்டில் ஒரு ஃபைலில் இருக்கட்டும். மூன்று மாதச் செலவுக்கான பணத்தை, நகைச் சீட்டு கட்டுவதற்கு முன்னால், சேர்த்து வை. சம்பள அட்வான்ஸ் வாங்காதே. பண்டிகைக்கு, தம்பி ஃபீஸுக்கு என்று அன்பாகக் கொடுப்பார்கள். பிறகு, “கடனை அடைச்சிட்டுப் போ” என்ற ஒரே வார்த்தையில் உன்னை நிறுத்திவிடுவார்கள்.

ராஜினாமா இரண்டு வரியில் இருக்கட்டும். கடைசி நாளில், “எனக்கு யார் மேலும் எந்தப் புகாரும் இல்லை” என்று டைப் அடித்து நீட்டினால் கையெழுத்துப் போடாதே. வெள்ளைத்தாளில் கேட்டால் அங்கேயே மறுத்துவிடு. பி.எஃப். கணக்கில் விலகிய தேதியைக் கம்பெனி போடாமல் இழுத்தடித்தால் கவலைப்படாதே, கடைசி மாதப் பணம் ஏறி இரண்டு மாதம் ஆனபின் ஆன்லைனில் நீயே போட்டுக்கொள்ளலாம்.

அடுத்த இன்டர்வியூவுக்குக் கொஞ்சம் முன்னதாகவே போய் ரிசப்ஷனில் உட்கார். உள்ளேயிருந்து வருகிற பெண்களின் முகத்தைப் பார், டீ கொண்டு போகிற பையனை என்ன சொல்லிக் கூப்பிடுகிறார்கள் என்று கேள். உன்னிடம் கேள்வி கேட்டு முடித்ததும் நீயும் ஒன்று கேள்: “இந்த சீட்ல முன்னாடி இருந்தவங்க எவ்வளவு நாள் இருந்தாங்க சார், ஏன் போனாங்க?” பதில் என்ன என்பதோடு எவ்வளவு நேரம் தயங்கிச் சொல்கிறார் என்றும் பார். “நாங்க இங்கே குடும்பம் மாதிரி” என்றால், “வேலை நேரம் எத்தனை மணி வரைக்குங்க சார்?” என்று கேட்டு ஆர்டரில் அதை எழுதித் தரச் சொல். சர்டிஃபிகேட் ஒரிஜினலை வாங்கி வைத்துக்கொள்வோம் என்றால், செல்ஃப் அட்டெஸ்ட் செய்த ஜெராக்ஸ் கொடு. ஒரிஜினலை அவர் பார்த்து முடிக்கும்வரை அங்கேயே நின்று, கையோடு வாங்கிக்கொண்டு வா.